பன்னிரண்டு தட்டும் ஒரு மூட்டைக் காப்பி உமியும்

அந்த வெள்ளிக்கிழமை கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கவுன்ட்டரில் நான். பேக்கிங் மேசையில் வாழவந்தி ஊர்க்காரர் செல்வி அக்கா. பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தன் பார்சல் கட்டுவதைப் பார்க்க வந்த ஐரின் அம்மா. உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலில் மூட்டையோடு நின்றவர் என் அப்பா. முதலாளி இல்லை. மச்சினன் மகள் கல்யாணத்துக்குச் சேலம் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

ஏற்காட்டில் பார்சல் கட்டி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புகிற சின்னக் கடை எங்களுடையது. எனக்கு இது ஆறாவது வருஷம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்று, என் முதல் வருஷத்தில் நான் செய்த தப்பை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்தவன் நான் ஒருவன்தான். பி.காம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஏர்வே பில் எல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். தப்பு அதில் வரவில்லை.

1. சுவர்

ஐரின் அம்மா ஒரு போர்டிங் ஸ்கூலில் மேட்ரனாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவின் பின்பக்கப் போர்ஷனில் தனியாக இருக்கிறார். அந்த வாரம் புதன்கிழமை போன் செய்து, உடையும் பொருள் இருக்கிறது, வீட்டுக்கே வந்து எடுத்துப் போக முடியுமா என்று கேட்டார். போனேன்.

ஹாலில் ஒரு சுவர் முழுக்கப் பீங்கான் தட்டுகள். சாப்பிடுகிற தட்டு இல்லை, கம்பி மாட்டிச் சுவரில் தொங்கவிடுகிற தட்டு. தங்க நிற விளிம்பு, நடுவில் வண்ணப் படம். வரிசைக்கு நான்காக மூன்று வரிசை. எல்லாமே அமெரிக்காவின் ஏதோ ஒரு சின்ன ஊரில் பிள்ளைகள் வளர்கிற காட்சிகள். முடிவெட்டும் கடையில் நாற்காலிக்குக் குறுக்கே பலகை போட்டு உட்கார்த்தி வைக்கப்பட்ட பையன், சுற்றி நின்று சிரிக்கிற பெரியவர்கள். ஆற்றோர மரத்தில் கயிறு கட்டி ஆடிக் குதிக்கிற பிள்ளைகள். பனியில் சறுக்குப் பலகை. பேண்டு வாத்தியத்தோடு தெருவில் ஊர்வலம். பின்னால் திருப்பினால் நம்பர் போட்டு, கையெழுத்து அச்சடித்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்டிபிகேட்டும் உண்டு. அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார்.

"எங்க அக்கா கிரேஸ் நர்ஸா அங்க போனா, தம்பி. ஒஹையோல ஒரு சின்ன ஊர். இது பன்னெண்டு தட்டு செட்டு. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒண்ணு வாங்குவா. வாங்குறப்ப ரெண்டா வாங்குவா. ஒண்ணு அவ செவுத்துக்கு, ஒண்ணு எனக்கு."

"ஒரே படம் ரெண்டுங்களாம்மா?"

"ஒரே படம்தான். போன்ல பேசறப்ப, 'ஐரின், ஆறாம் நம்பர்ல அந்த நாயைப் பாரு, நம்ம டாமி மாதிரியே இல்ல?'ன்னு கேப்பா. நானும் இங்க ஆறாம் நம்பர் முன்னால நின்னுக்கிட்டுத்தான் பேசுவேன்."

கிரேஸ் அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அவருடைய ஒரே மகள் லிண்டா வீட்டைக் காலி செய்தபோது, முற்றத்தில் மேசை போட்டுப் பழைய சாமான்களை விற்றிருக்கிறார். தட்டுகளும் போய்விட்டன. பிறகுதான் மனசு கேட்காமல் சித்திக்குப் போன் செய்திருக்கிறார். முதல் வருஷ நினைவு நாளுக்கு எல்லோரும் தன் வீட்டில் கூடுகிறார்கள், அதற்குள் உங்கள் தட்டுகள் கிடைக்குமா, அம்மா சுவர் மாதிரியே மாட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"எல்லாத்தையும் அனுப்பிடறீங்களாம்மா?"

"எனக்குன்னு மிச்சம் இருக்கறது லிண்டா ஒருத்திதான், தம்பி. அக்கா போனப்புறம் அவ போன் பண்ணினதே இதுக்காகத்தான். போய்ச் சேரணும், அவ்வளவுதான்."

ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தேன். அவர் துடைத்துத் துடைத்துப் பழைய தலையணை உறைகளுக்குள் வைத்தார். பன்னிரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். எந்தத் தட்டிலும் ஒரு ஆள் தனியாக இல்லை. மீன் பிடிக்கிற பையனுக்குப் பக்கத்தில்கூட நாய் இருந்தது. சுவரில் பன்னிரண்டு வெளிர் வட்டங்கள் மிஞ்சின.

2. உமி

நினைவு நாளுக்கு இருபது நாள் இருந்தது. ஆனால் கடையில் உடையும் பொருளைச் சுற்றும் பபுள் ரேப் தீர்ந்து போயிருந்தது. மிளகு சீசன் பார்சல்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டன. முதலாளி திங்கட்கிழமை சேலத்திலிருந்து ரோல் கொண்டு வருவார். மூன்று நாள் காத்திருந்திருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. முதலாளி இல்லாதபோது வந்த முதல் வெளிநாட்டு ஆர்டரை நானே முடித்துக் காட்ட வேண்டும் என்று இருந்தது.

என் ஊர் மாரமங்கலம். எஸ்டேட்டில் காப்பிக் கொட்டையின் தோலை உரிக்கும் ஹல்லர் மிஷினில் அப்பாவுக்கு வேலை. அங்கே உமி மலை மாதிரி குவிந்து கிடக்கும். காய்ந்தது, எடை இல்லாதது, அழுத்தினால் அமுங்கித் திரும்ப எழும். எங்கள் பக்கம் கோழி முட்டையைச் சந்தைக்குக் கொண்டு போவதும் இதற்குள் வைத்துத்தான். வியாழக்கிழமை சாயந்திரம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலை பஸ்ஸில் அவரே மூட்டையைக் கொண்டு வந்துவிட்டார்.

"ரெண்டு வாட்டி சலிச்சேன் சாமி. ஒரு கல்லு மண்ணு இருக்காது." அப்புறம் ஐரின் அம்மாவைப் பார்த்து, "ஏனுங்க, நெசமாவே நம்ம எஸ்டேட்டு உமி அமெரிக்கா போவுதுங்களா?" என்றார்.

"உங்க பையன் அனுப்பி வைக்கிறார், போகாம என்ன?" என்றார் அம்மா.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் என்ன வேலை செய்கிறேன் என்பதும் அவருக்குச் சரியாக விளங்கியதில்லை. எழுத்து வேலை என்று ஊரில் சொல்லிக்கொள்வார். அன்றுதான் என் வேலையில் அவருக்கு ஒரு பங்கு கிடைத்தது. அட்டைப்பெட்டிக்குள் உமியைக் கொட்டும்போது வாசலிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார்.

செல்வி அக்கா மட்டும் கையை நிறுத்தினார். "ஏங்கண்ணு, இதெல்லாம் அந்த ஊருக்குள்ள உடுவாங்களா? போன மாசம் மொளகு அனுப்பறதுக்கே மொதலாளி அண்ணன் அத்தனை பேப்பர் கேட்டாரே."

"மொளகு சரக்குங்கக்கா. இது சும்மா பேக்கிங்."

"படிச்ச புள்ள சொன்னாச் சரிதான்" என்று டேப்பைக் கிழித்தார்.

கஸ்டம்ஸ் பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. பார்சலில் செடி, விதை, விளைபொருள் உண்டா? இல்லை என்று டிக் போட்டேன். நான் பொய் எழுதவில்லை. உள்ளே இருப்பது பன்னிரண்டு பீங்கான் தட்டு, பேக்கிங் லிஸ்ட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. உமி சரக்கும் இல்லை, விளைபொருளும் இல்லை. எங்கள் ஊரில் அது குப்பை. அதை ஒரு அரசாங்கம் நிறுத்திக் கேள்வி கேட்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

3. ஹோல்ட்

டிராக்கிங் நம்பரைக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஐரின் அம்மா தினமும் கடைக்குப் போன் செய்தார். லிண்டாவும் தினமும் அவருக்குப் போன் செய்தாராம். சென்னை தாண்டிவிட்டதா, துபாய் வந்ததா என்று. ஒருநாள் நேரிலேயே வந்து, "நேத்து முக்கால் மணி நேரம் பேசினா தம்பி. பார்சல் எங்க இருக்குன்னு ஆரம்பிச்சா, அப்படியே எங்கெங்கயோ போயிடுது பேச்சு" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

ஒன்பதாம் நாள் டிராக்கிங்கில் ஹோல்ட், அதாவது நிறுத்தி வைப்பு, என்று விழுந்தது. மறுநாள் மெயில் வந்தது, பார்சலை அமெரிக்கக் கஸ்டம்ஸ் நிறுத்தியிருக்கிறது என்று. பேக்கிங்கில் தடை செய்யப்பட்ட தாவரப் பொருள். அழிக்கச் சம்மதிக்கலாம், அல்லது அனுப்பியவர் செலவில் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். உமியை எடுத்துவிட்டுத் தட்டுகளை மட்டும் அங்கேயே டெலிவரி செய்ய முடியாதா என்று மூன்று மெயில் போட்டேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது. முடியாது.

முதலாளி மெயிலைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கத்தவில்லை.

"ஏஞ்சாமி, மாட்டுக் கொட்டாய்க்கா பார்சல் கட்டுன?"

"சுத்தமாச் சலிச்சதுங்கண்ணா."

"சுத்தம் யாரு கேட்டா? உமிக்குள்ள ஒரு பூச்சி முட்டை இருந்தா, அங்க இருக்கற காடெல்லாம் பரவிரும்னு அவன் பயப்படறான். நம்ம காப்பிச் செடிக்கு எவனாவது அப்படி அனுப்பினா நாம சும்மா உடுவமா? ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா முடிஞ்சுது. கல்யாண ஊட்டுலயும் போன் எடுப்பேன்டா."

அழிக்கச் சம்மதித்தால் எங்களுக்கு மேற்கொண்டு செலவில்லை. முதலாளி அதைச் சொன்னார், ஆனால் வற்புறுத்தவில்லை. நான் ஐரின் அம்மா வீட்டுக்கு நடந்தே போனேன். பனி இறங்கி ஏரி தெரியவில்லை. சொல்ல வேண்டியதை வழி முழுக்க ஒத்திகை பார்த்தும், வாசலில் நின்று "உமியை நிறுத்திட்டாங்கம்மா" என்றுதான் வாயில் வந்தது.

அவர் உள்ளே உட்கார வைத்து, அழிப்பதா திருப்பி எடுப்பதா என்று மெயிலில் இருந்ததை முழுக்கக் கேட்டார். பிறகு, "அழிக்க வேண்டாம் தம்பி. இங்கயே வந்துடட்டும். லிண்டாகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றார். எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். வெற்றுச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்து குடித்தோம்.

திரும்பி வரும் செலவைக் கடை பாதி, நான் பாதி என்று முதலாளி சொன்னார். மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். நியாயம்தான்.

4. திரும்பி வந்தது

மூன்று மாதம் ஆயிற்று. உமியை எல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, காகிதத்தைச் சுருட்டித் திணித்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு தட்டு உடைந்திருந்தது. முடிவெட்டும் கடையும், நாய் இருந்த ஆறாம் நம்பரும்.

மீதிப் பத்தையும் நானே கொண்டு போய்ப் பழைய ஆணிகளிலேயே மாட்டினேன். மாட்டி முடித்து, "பபுள் ரேப் போட்டு மறுபடி அனுப்பலாங்கம்மா, இந்தத் தடவை என் செலவு" என்றேன்.

"வேண்டாம் தம்பி." போனை எடுத்து ஒரு படம் காட்டினார். ஒரு வெளிச்சமான ஹால். சுவரில் நான்கு நான்காக மூன்று வரிசை, பன்னிரண்டு தட்டு. "ஆன்லைன்ல அதே செட்டு கிடைச்சுதாம். பழசை இப்ப யாரும் வாங்கறதில்லையாம். பன்னெண்டும் சேர்த்தே அறுபது டாலர்னு சொன்னா, சர்டிபிகேட்டோட. நினைவு நாளுக்கு ரெண்டு நாள் முன்னாலயே வந்துடுச்சாம்."

போனை வாங்கி மறுபடி பார்த்தேன்.

"நல்ல பொண்ணு. ரொம்ப சிரமப்பட்டுட்டீங்க சித்தின்னு எழுதியிருக்கா" என்றார். கடைசியாக எப்போது பேசினார் என்று கேட்டேன். படம் வந்த அன்றைக்கு என்றார். படத்தில் இருந்த தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது. டிராக்கிங் நம்பர் இல்லாத பிறகு இரண்டு பேருக்கும் பேச்சை ஆரம்பிக்க ஒன்றும் இருக்கவில்லை.

நான் கிளம்பும்போது அவர் ஆறாம் நம்பர் இருந்த வெளிர் வட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெட்டிக்குள் போகிற எல்லாமே சரக்கு. கட்டுகிற கயிறும், நடுவில் அடைக்கிற குப்பையும்தான். பாரத்தில் இருக்கிற கேள்வி முழுப் பெட்டியையும் பற்றியது. சந்தேகம் வந்தால் கேளுங்கள். பக்கத்து மேசையில் இருப்பவர் படிக்காதவராக இருந்தாலும், அவர் கையை நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். செல்வி அக்கா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்பாவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார். "ஏஞ்சாமி, அந்தத் தட்டெல்லாம் ஒடையாம போய்ச் சேந்துச்சா?"

"சேந்துருச்சுங்கப்பா."

"உமி நல்ல உமி" என்பார்.

போகும்போது ஐரின் அம்மா கட்டியது பதினோராயிரத்து நானூறு. திரும்பி வர நானும் முதலாளியும் கட்டியது, அங்கே நிறுத்தி வைத்த கட்டணத்தோடு, இருபத்திரண்டாயிரத்து ஐம்பது. அறுபது டாலர் தட்டுகளுக்கு எல்லாம் சேர்த்து முப்பத்து மூவாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.