மெமரியைத் தின்ற காலண்டர்

இன்று காலை எங்கள் ஆபீஸில் ஒரு பிரௌசர் செத்துப்போனது. இந்த வாரத்தில் ஏழாவது முறை!

கொன்றவன் நான்தான் என்று மொத்த ஃப்ளோரும் முடிவுகட்டியிருந்தது.

விஷயம் இதுதான். சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற எங்கள் குட்டி கம்பெனி, ஆம்னி பஸ் டிக்கெட் கவுன்டர்களுக்கு வெப்சைட் செய்து தருகிறது. அதை ஆறு பேர் கையால் கிளிக் செய்து டெஸ்ட் பண்ணுவார்கள்.

இரண்டு மாதம் முன்பு மீட்டிங்கில் நான் எழுந்து, "சார், ஒரு ஸ்கிரிப்ட் எழுதறேன். பிரௌசர் தானா திறக்கும், தானா கிளிக் பண்ணும். ஆறு பேர் வேலையை அதுவே பாத்துக்கும்" என்று அளந்துவிட்டேன். (வாய் இருக்கிறதே, வாய்!)

மேனேஜர் மூர்த்தி சார் அதை நம்பியும் விட்டார்.

வெள்ளிக்கிழமை கிளையன்ட்டுக்கு டெமோ. ஸ்கிரிப்ட் ஓடினால் அந்த ஆறு பேரில் நாலு பேரை டீமிலிருந்து எடுத்துவிடுவதாகத் திட்டம். ஓடாவிட்டால் என்னை.

ஓடவில்லை!

மொத்தம் 240 டெஸ்ட். 160 தாண்டியதும் பிரௌசர் மூச்சு வாங்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது. கடைசியில் திரை வெள்ளையாகிவிடும். மவுஸ்கூட நகராது.

டீ கொண்டுவரும் மாரி அண்ணன் வரைக்கும் விஷயம் பரவிவிட்டது. "இன்னா சார், இன்னிக்கும் பூட்ச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் கிளாஸை வைக்கிறார்.

ரேம் கூட்டிப் பார்த்தேன். ஸ்கிரிப்டை ஓட்டும் டூலை அழித்து மறுபடி போட்டேன். எதற்கும் மசியவில்லை. இன்று ஏழாவது சாவுக்குப் பிறகு வெறுத்துப்போய், இருபது டெஸ்ட்டுக்கு ஒருமுறை பிரௌசரை மூடித் திறக்கும்படி ஸ்கிரிப்டை மாற்ற உட்கார்ந்தேன்.

அப்போதுதான் பக்கத்து சீட் நஸ்ரின் எட்டிப் பார்த்தார். பல்லாவரத்திலிருந்து வருகிறவர். கையால் டெஸ்ட் செய்யும் ஆறு பேரில் ஒருவர். அதாவது, என் ஸ்கிரிப்ட் ஓடினால் சீட் ஆட்டம் காணப்போகிறவர்!

"கார்த்தி, மூடித் திறந்தா ஓடிடும். ஆனா எதனால சாகுதுன்னு தெரியாதே?"

"டெமோ ஓடினா போதும்ங்க. ஆளை விடுங்க."

"நாங்களும் ஒவ்வொரு டெஸ்ட் முடிஞ்சதும் பிரௌசரை மூடிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவோம். அதான் எங்க கண்ணுல இது படவே இல்ல. ஆனா பெருங்களத்தூர் கவுன்டர்ல இருக்கிறவர் காலைல திறந்தா சாயங்காலம் வரைக்கும் மூடுவாரா?"

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் சைட் ஸ்லோவாகிறது என்று கவுன்டர்காரர்கள் மாதக்கணக்காகப் புலம்புகிறார்கள். நாங்கள் சொல்லிவந்த பதில், "உங்க கம்ப்யூட்டர் பழசு சார்." (இதை எழுதும்போதே கூசுகிறது.)

நஸ்ரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு நோட்டு, ஒரு பேனா. அவ்வளவுதான் அவருடைய டூல்!

ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. லாகின் செய்து லாகவுட், ஐம்பது முறை. மெமரி எவ்வளவு என்று குறித்தார். பஸ் தேடுவது ஐம்பது முறை. குறித்தார். சீட் தேர்வு ஐம்பது முறை. "இது ஏறல... இதுவும் ஏறல..." என்று அவர் பாட்டுக்குக் கிளிக் செய்துகொண்டே இருக்கிறார். எனக்குப் பத்தாவது கிளிக்கிலேயே கொட்டாவி வந்துவிட்டது.

லஞ்சுக்குக் கொஞ்சம் முன்னால் பயணத் தேதிக்கு வந்தார். காலண்டரைத் திறந்தார், மூடினார். திறந்தார், மூடினார்.

ஒவ்வொரு முறையும் மெமரி ஏறியது. இறங்கவில்லை!

"கார்த்தி, இதுதான்."

சைட்டை எழுதிய டெவலப்பர் வந்து, அதன் கோடைத் திறந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். காலண்டரை மூடினால் அது கண்ணுக்குத்தான் மறைகிறது, அழிவதில்லை. அடுத்த முறை புதிதாக இன்னொன்று பிறக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் நூற்றுக்கணக்கான காலண்டர்கள் உள்ளே குவிந்து கிடந்திருக்கின்றன!

என் ஸ்கிரிப்ட் நிரபராதி. தப்பு எங்கள் சைட்டில். ஒரு வரி கோடுகூடத் தொடாமல் இதை ஒருவர் கண்டுபிடித்ததைப் பார்த்து நான் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தேன்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏங்க, இது ஓடினா உங்க சீட்டுக்கே வேட்டுன்னு தெரியாதா?"

"நல்லாத் தெரியும். அதுக்காகத் தப்பைப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருக்கச் சொல்றீங்களா? அப்புறம் நான் என்ன டெஸ்டர்?"

என்ன மனுஷிங்க இவங்க!

மூன்று மணிக்கு டெவலப்பர் சரிசெய்து கொடுத்தார். இனி ஒரே காலண்டர்தான், அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். ஸ்கிரிப்டை ஓட்டினேன். 160 தாண்டியது. 200 தாண்டியது. மெமரி ஆடாமல் அசையாமல் நின்றது. மூர்த்தி சார் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

240! வரிசையாகப் பச்சை. எல்லாம் பாஸ்!

நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். சார் என் முதுகில் தட்டினார். நஸ்ரின் மட்டும் திரையில் திறந்திருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம். ஜூன் மாசத்துக்கு முப்பத்தொண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?"

மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். நிஜமாகவே ஜூன் 31! ஒரே காலண்டரைத் திரும்பப் பயன்படுத்தியதில், மே மாதத்தின் கடைசித் தேதி ஜூனில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பத்தாம் தேதியை மட்டும் கிளிக் செய்யச் சொல்லியிருந்த என் ஸ்கிரிப்ட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

மூர்த்தி சார் நிமிர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கார்த்தி, ஸ்கிரிப்ட் ஓடட்டும், நீயும் இரு. ஆனா அந்த ஆறு பேர்ல ஒருத்தரைக்கூட நான் எடுக்கப்போறதில்ல."

நான்தான் முதலில் கைதட்டினேன். சத்தியமாக.

மக்களே, ஜூன் 31 அன்று யாருக்காவது மதுரைக்கு பஸ் வேண்டுமா? என் ஸ்கிரிப்ட் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டுவிடும். நஸ்ரின்தான் பஸ்ஸை எடுக்க விடமாட்டார்!