அப்ப நான் வாறன்

“சரி பிள்ளை, அப்ப நான் வாறன்.”

டீச்சரக்கா தொலைபேசியில் என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். அப்போது நான் ஒரு கையில் போனும் மறு கையில் கரித்துணியுமாக அடுப்படியில் நின்றிருந்தேன். பால் பொங்கி வந்துகொண்டிருந்தது. ‘வாறன்’ என்று அவர் சொன்ன சந்தோசத்தில் சட்டியை இறக்க மறந்து, பால் வழிந்து அடுப்பெல்லாம் கருகிவிட்டது. கண்டி மஹய்யாவையில் என் வீட்டு அடுப்பின் ஓரத்தில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. தேய்த்தால் போய்விடும்தான். தேய்க்காததைச் சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் கண்டியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். அவர் மேல்வகுப்புகளுக்குக் கணக்கு, நான் சின்னப் பிள்ளைகளுக்கு அனா ஆவன்னா. நான் மஹய்யாவையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கண்டிக் குளிர் பிடித்துப்போய், ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல், அம்பிட்டியவில் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டோடு ஒட்டிய இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. வயதில் பெரியவர் என்பதால், பாதி மரியாதையும் பாதி உறவுமாக நான் டீச்சரக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் என்னைப் ‘பிள்ளை’ என்பார், ‘நீர்’ என்பார். முதன்முதலில் ஆசிரியர் அறையில் “நீர் சாப்பிட்டீரோ?” என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஆண்டவரையும் மாதாவையும் மட்டும்தான், அதுவும் ஜெபத்தில்தான், ‘நீர்’ என்போம். “என்னப் பாத்து ஜெபம் பண்றீங்களா?” என்று கேட்டேன். “உமக்கு வாய் கூட” என்றார். அன்று தொடங்கிய சிநேகம் அது.

ஓய்வுக்குப் பிறகு நாங்கள் அடிக்கடி சந்திக்கவில்லை. அவர் அம்பிட்டியவிலேயே பூசைக்குப் போனார். எனக்கோ முழங்கால் வலி, இரண்டு பஸ் மாறிப் போக உடம்பு வணங்காது. போன் எடுத்தால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். கணக்கு டீச்சருக்குப் பேச்சிலும் சிக்கனம் போல என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை எங்கள் கோயிலிலிருந்து ஒரு வேனில் சின்னக் கூட்டமாக யாத்திரை போவோம். அதற்கு மட்டும் அவர் தவறாமல் வந்துவிடுவார். பெரிய திருநாள் காலத்தில் அல்ல, சனம் குறைந்த ஒரு சனி ஞாயிறில். சனிக்கிழமை காலையில் கிளம்பி, மாத்தளை வழியாக முதலில் வஹாகோட்டை அந்தோனியார் கோயில், அங்கிருந்து நேரே மடு மாதா கோயில். ஞாயிறு பூசை கண்டுவிட்டுத் திரும்புவோம்.

வேன் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டியதும் செபமாலை தொடங்கும். செபமாலை இரண்டு ஆள் வேலை. ஒருவர் முன்பாதியைச் சொல்லி நிறுத்த வேண்டும், மற்றவர் ‘தூய மரியே’ என்று பின்பாதியை எடுத்துக் கொடுக்க வேண்டும். கணவர் இறந்து, மகளும் கலியாணமாகி இத்தாலிக்குப் போன பிறகு, வீட்டில் இரண்டு பாதியையும் நானே சொல்லிவந்தேன். கேட்பதும் நானே, பதில் சொல்வதும் நானே. கொஞ்ச நாளில் அது ஜெபம் மாதிரியே இல்லை, தனியாகப் பேசிக்கொள்கிற பைத்தியம் மாதிரி இருந்தது. அதனால் அந்த வேன் பயணம் எனக்குப் புண்ணியத்துக்காக மட்டும் இல்லை. ஜன்னலோரம் டீச்சரக்கா, பக்கத்தில் நான். முன்பாதி எனக்கு, பின்பாதி அவருக்கு. வேனில் எல்லாரும் சேர்ந்து சொன்னாலும் என் காதுக்கு அவர் குரல் தனியாகக் கேட்கும். ஒரு மணி பிசகாது. வருடம் முழுவதும் அந்த இரண்டு நாளுக்காகத்தான் காத்திருந்தேன் என்று சொன்னால் மாதா கோபிக்க மாட்டாள்.

வஹாகோட்டை, முன்னொரு காலத்தில் கண்டி ராஜா சிறைபிடித்த போர்த்துக்கேயப் பறங்கியரைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர் என்பார்கள். குருவானவர் ஒருவரும் எட்டிப் பார்க்காத தலைமுறைகளிலும் அந்தச் சனம் சுரூபத்தைக் காத்து, பொருள் மறந்துபோன ஜெபத்தை விடாமல் சொல்லி வந்ததாம். இன்றைக்குப் பார்த்தால் அவர்கள் சிங்களம் பேசுகிற சாதாரண விவசாயிகள். ஒரு வருடம் கோயில் விறாந்தையில் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்து இடியப்பப் பார்சலைப் பிரித்தோம். டீச்சரக்கா தன் கதிரையின் கையைத் தட்டிக் காட்டினார். “கதிரை எண்டதும் பறங்கியின்ர சொல்லுத்தான், தெரியுமோ? ஆக்கள் போயிட்டினம். கதிரையை எங்களுக்கு விட்டிட்டுப் போயிருக்கினம்.”

“அலுமாரியையும்தானே?” என்றேன்.

“ஓம், அதுக்குள்ள ஒண்டையும் வைக்கேல்லை.”

இடியப்பம் புரைக்கேறுகிற அளவுக்குச் சிரித்தோம். பக்கத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சென்ற ஆண்டும் வேன் பேசியானது. நான் போன் எடுத்து, “டீச்சரக்கா, வர்ற சனிக்கிழம போறோம். ஒங்களுக்கும் சீட் சொல்லட்டுமா?” என்றேன். “ஓம் ஓம்” என்றார். பின்னால் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. “மழையா இருக்கும், குடைய மறந்துறாதீங்க” என்றேன். “ஓம் பிள்ளை, உம்மைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்” என்றார். பிறகுதான் அந்த ‘வாறன்’. பால் வழிந்தது.

சனிக்கிழமை விடிகிற நேரம், மாத்தளைக்குப் போக வேண்டிய வேன் எனக்காக எதிர்த்திசையில் அம்பிட்டியச் சந்திக்குப் போனது. ஒரு ஆளுக்கு இவ்வளவு சுற்றா என்று பின்சீட்டில் முணுமுணுத்தார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சந்தியில் அவர் இல்லை. டிரைவர் ஹோர்ன் அடித்துப் பார்த்தார். நான் இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிவில் நடந்து வீட்டுக்குப் போனேன். அறைக் கதவு திறந்து கிடந்தது. சுவரில் படம் மாட்டியிருந்த ஆணிகள் மட்டும் இருந்தன. வீட்டுக்காரம்மா தனக்குத் தெரிந்த தமிழில், “டீச்சர் புதன்கிழமையே போய்ட்டாங்கனே. தம்பி மகன் லொறியோட வந்தாரு. இனி யாழ்ப்பாணந்தான்” என்றார். தன்னிடம் ‘கிஹில்லா என்னங்’ என்று சொல்லிவிட்டுத்தான் போனதாகவும் சொன்னார். சிங்களத்திலும் போகிறவர்கள் போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள்.

அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. போகிற நேரத்தில் ‘போறேன்’ என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. நாங்கள் ‘போயிட்டு வர்றேன்’ என்று முழுதாகச் சொல்வோம். யாழ்ப்பாணத்தார் முன்பாதியை விழுங்கிவிட்டு ‘வாறன்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஒவ்வொரு நாளும் வாசல் கேற்றடியில் அதைச் சொல்லித்தான் டீச்சரக்கா என்னிடம் விடைபெற்றார். நேரில் என்றால், ஆள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்று பார்த்தே அது வருகையா விடைபெறுவதா என்று தெரிந்துவிடும். போனில் அது தெரியாது. வேனுக்குத் திரும்பி, ஜன்னலோரச் சீட்டில் என் பையை வைத்தேன். சரியான கோபம் எனக்கு. இத்தனை வருடம் பழகிவிட்டு, நேரில் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று மடு வரைக்கும் மனம் கொதித்தது. செபமாலையில் வாயே திறக்கவில்லை.

திரும்பி வந்து அவருடைய நம்பருக்கு எடுத்தேன். தம்பி மகன் பேசினார். “மாமி போன மாசம் குளியலறையில விழுந்திட்டா. இனித் தனிய விடேலாது எண்டுதான் கூட்டிக்கொண்டு வந்தனான். காதும் இப்ப கொஞ்ச வருசமாக் கேக்கிறேல்லை. போனில எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டுவா.” பிறகு, “நீங்கள் மாமி போறதைக் கேள்விப்பட்டுத்தான் எடுத்தனீங்கள் எண்டு நினைச்சிட்டா. வழியனுப்ப வருவியள் எண்டு, லொறி வெளிக்கிடும் வரைக்கும் கேற்றடியைப் பாத்துக்கொண்டு நிண்டவா” என்றார்.

நான் சந்தியில் அவரைத் தேடியதற்கு மூன்று நாள் முந்தி, அவர் வாசலில் என்னைத் தேடியிருக்கிறார். வேனில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்க்காமல் என் முகத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பக்தி என்று நினைத்திருந்தேன். நான் முன்பாதியை முடிப்பதை என் உதட்டில் பார்த்துத்தான் அவர் பின்பாதியைத் தொடங்கியிருக்கிறார். என் குரல் அவருக்குக் கேட்கவே இல்லை.

“அடுத்த வருசம் நாங்க மடுவுக்கு வர்றப்ப மாமியக் கூட்டிட்டு வருவீங்களா? அங்க பாத்துக்கலாம்னு எழுதிக் காட்டுங்க” என்று தம்பி மகனிடம் கேட்டுக்கொண்டேன். அவர் எழுதிக் காட்டியிருக்கிறார். சிறிது நேரத்தில் அவரே திருப்பி எடுத்து, “வாறன் எண்டு சொல்லட்டாம்” என்றார். எனக்கு உடனே மனம் லேசாகிவிட்டது. பட்டும் புத்தி வராத ஜென்மம் என்பது என்னைத்தான். தவக்காலத்தில் டீச்சரக்கா இறந்துபோனார். செய்தி எனக்கு வந்தபோது அடக்கமும் முடிந்திருந்தது. இரண்டாவது தடவை அவர் சொன்னது எந்த ‘வாறன்’ என்று கேட்க இனி ஆள் இல்லை.

இந்த ஆண்டும் யாத்திரைக்குப் போனேன். வேன் அம்பிட்டியப் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலோரச் சீட்டில் கண்டிக்குப் புதிதாக வந்த ஒரு வங்கிப் பெண் உட்கார்ந்திருந்தாள். மரியாதையான பிள்ளை, என் பையைத் தூக்கி வைத்தாள். செபமாலைக்கு உதடு அசைந்தது, கண் போனில் இருந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கும் எங்கேயோ ஓர் ஆள் பதில் அனுப்ப வேண்டியிருந்திருக்கும். வஹாகோட்டை விறாந்தையில் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. இடியப்பப் பார்சலைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டேன்.

மடுவில் கஷ்டம் வேறு மாதிரி வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்களில் வந்த சனம், பூசை முடிந்து மரத்தடியில் ஒருவரிடம் ஒருவர் விடைபெற்றுக்கொண்டிருந்தது. “அப்ப வாறம்.” “ஓம், வாறன் அக்கா.” எங்கே பார்த்தாலும் அந்தச் சொல். இறந்தவர் வரமாட்டார் என்று தெரியாதவள் இல்லை நான். இருந்தும் ஒவ்வொரு தடவையும் கழுத்து தானாகத் திரும்பியது. கடைசியில் எங்கள் ஆட்கள் வந்து என்னைக் கைப்பிடித்து வேனில் ஏற்றினார்கள்.

ஞாயிறு பின்னேரம் மழைத் தூறலில் வேன் என் வீட்டுச் சந்தியில் நின்றது. பையை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவைப் பிடித்தபடி எல்லாரையும் ஒருமுறை பார்த்து, “சரி, அப்ப நான் வாறன்” என்றேன். நினைத்துச் சொல்லவில்லை, வாயில் அப்படித்தான் வந்தது.

“எங்கம்மா வர்றீங்க? ஒங்க வீடு வந்துருச்சு” என்றார் டிரைவர்.

வேனில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேன் திருப்பத்தில் மறையும் வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து, அடுப்பில் பாலை வைத்து, பக்கத்திலேயே நின்று பொங்குமுன் இறக்கினேன். பிறகு செபமாலையைக் கையில் எடுத்து முன்பாதியைச் சொல்லி நிறுத்தினேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். பின்பாதியையும் நானே சொன்னேன்.