பனிமலையில் வைத்த காவல்

என் மகளின் ஸ்னோபோர்ட்டைக் களவெடுத்தவன் நான். எங்கள் வீட்டில் அந்தக் களவைப் பற்றி வேறொரு கதை பல வருடங்களாகச் சொல்லப்பட்டு வந்தது. அந்தக் கதையில், காவலுக்கு நிறுத்திய ஒரு வன்னிப் பெடியன் குளிர் தாங்காமல் இடத்தை விட்டு ஓடிவிடுகிறான்; யாரோ வந்து அந்தப் பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெப்ரவரிப் பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் என் மருமகன் அதை நடித்துக் காட்டுவார். கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு, பல்லைக் கிடுகிடுக்க வைத்து, ஒற்றைக் காலில் துள்ளுவார். அந்தப் பெடியனை அவர் கண்டதே கிடையாது. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். அகதியாக ஏற்கும்படி கேட்டு வந்தவர்கள் அதிகாரியின் முன்னால் இருந்து தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். நான் பக்கத்தில் இருந்து பிரெஞ்சில் சொல்வேன். சில அதிகாரிகள் ஒரே கேள்வியை முன்னாலும் பின்னாலும் திருப்பிக் கேட்பார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு எதிரில் இருப்பவர் களைத்துப்போவார். விட்டால் போதும் என்று, கேட்டதற்கெல்லாம் தலையாட்டி ஓம் என்பார். அந்த ஓம் வரத் தொடங்கியதும் அவருடைய காரியம் கெட்டுவிட்டது என்று எனக்கு விளங்கிவிடும். அதை அவருக்குச் சொல்லாமல் மொழிபெயர்த்துக்கொண்டு இருப்பேன். அது என் வேலை. அங்கே கற்றுக்கொண்டதை நான் ஒரே ஒருமுறைதான் என் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தினேன்.

அவர், அந்த வன்னிப் பெடியன், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்தார். இப்போது அவர் என்று எழுதுகிறேன். அப்போது என் மனதில் அவன்தான். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீட்டில்தான் விசா கிடைத்தது. அந்த அலைச்சல் நாட்களில் அவருக்குக் கடிதங்கள் எழுதிக் கொடுக்கப் போய்த்தான் என் மகள் பழகியிருக்கிறாள். பாரிஸில் பிறந்து, இங்கேயே பட்டம் பெற்று, நல்ல வேலையில் இருந்தவள். அவரைத்தான் கட்டப்போவதாக ஒரு நாள் என் முன்னால் வந்து நின்று சொன்னாள். மனைவி இறந்த பிறகு எனக்கு இருந்தது அவள் மட்டும்தான். வேண்டாம் என்று சொன்னால் அவள் அடுத்த நாளே பதிவு செய்துகொள்வாள் என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் மறுக்கவில்லை. பனிமலைப் பயணத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வா, ஆளைப் பார்ப்போம் என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். அவரை அவள் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைக்க வேண்டும் என்பது அப்போதே என் எண்ணமாக இருந்தது.

நாங்கள் சில குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் ஒரு பஸ் பிடித்து, லா சப்பலில் இருந்து விடியப் புறப்பட்டு, வோஜ் மலைக்குப் போய் ஓரிரவு தங்கி வருவோம். முந்தின வருடம் மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே போயிருந்த நேரத்தில் ஒரு குடும்பத்தின் ஸ்கீ, காலில் பூட்டிச் சறுக்கும் கட்டை, இரண்டு சோடி களவு போயிருந்தது. வாடகைக்குக் கொடுத்த கடைக்காரி எங்களையே சந்தேகமாகப் பார்த்தாள். அந்த அவமானத்துக்குப் பிறகு, சாமான்களுக்குப் பொறுப்பாக என்னை வைத்தார்கள். பஸ்ஸில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் வகுப்பு நடத்தினேன். சோடி ஸ்கீயை ஒன்றாக வைக்காதீர்கள், ஒன்றை உணவக வாசலில் ஸ்கீ நிறுத்தி வைக்கும் ஒரு சட்டத்தில் சாத்தி மற்றதைத் தூரத்தில் இன்னொரு சட்டத்தில் சாத்துங்கள், ஒற்றையை எந்தக் கள்ளனும் கொண்டுபோக மாட்டான் என்றேன். ஸ்னோபோர்ட்தான் சிக்கல். அது ஒற்றைப் பலகை, பிரிக்க முடியாது. என் மகள் கம்பிப் பூட்டு ஒன்று வாங்கலாம் என்றாள். நான் மைக்கிலேயே சொன்னேன்:

"பூட்டு ஏன் பிள்ளை? நீர் ஒரு ஆளையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீரே."

பஸ் முழுவதும் சிரித்தது. புடவைக்கடை வைத்திருக்கும் என் நண்பர் பின்னால் திரும்பி அவருடைய தோளில் தட்டினார்.

"தம்பி, உமக்கு லேசான வேலை. கோயில் வாசலிலை செருப்புப் பாக்கிறதுதான். ஆனா இஞ்சை ஒருத்தரும் சில்லறை போடமாட்டினம்."

"பறவாயில்லை அண்ணை," என்றார் அவர். "பிரசாதம் தந்தாக் காணும்."

அவர் அப்படித் திருப்பிச் சொன்னதும், எல்லோரும் அதற்கும் சிரித்ததும், என் மகள் பெருமையாக அவரைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் போய் இறங்கியதில் இருந்து அவர், சறுக்கி வந்து ஓய்வெடுக்கிறவர்களின் சாமான்களைப் பார்த்துக்கொண்டு, ஸ்கீச் சட்டங்களுக்கு முன்னால் நின்றார். காலில் குசினிச் சப்பாத்து, எண்ணெய்த் தரையில் வழுக்காமல் இருக்கப் போடுவது. பனிக்கு அது ஈரத்துணி மாதிரி. என் பையில் இன்னொரு சோடி பனிச் சப்பாத்து இருந்தது. அளவும் ஏறத்தாழச் சரியாக இருந்திருக்கும். நான் கொடுக்கவில்லை. எனக்கும் சறுக்கத் தெரியாது. உணவகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் சூடாக இருந்துகொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது அசைவார், எப்போது உள்ளே வருவார் என்று காத்திருந்தேன். அவர் வரவில்லை. என் மகள் ஒவ்வொரு முறை சறுக்கி இறங்கும்போதும் அவரிடம் போய், தன் கையுறையைக் கழற்றி அவருடைய கைகளைத் தேய்த்துவிட்டாள். மாலையில் ஒன்றுகூடக் குறையாமல் எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைத்தார். மற்றவர்கள் அவரைப் புகழத் தொடங்கினார்கள். நல்ல பொறுப்பான பெடியன் என்று புடவைக்கடைக்காரரே என் காதில் சொன்னார்.

அடுத்த நாள் மதியம் எல்லோரும் உள்ளே, சட்டங்கள் கண்ணில் படாத பின்பக்க அறையில், சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெடியனுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு வருகிறேன் என்று நான் பிளாஸ்க்குடன் எழும்பினேன். என் மகளுக்குக் கண் கலங்கியது. அப்பா மனம் மாறிவிட்டார் என்று நினைத்திருப்பாள்.

அவர் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார். நான் நெஞ்சைத் தடவிக்கொண்டு, பிறஷர் மாத்திரை பஸ்ஸில் இருக்கிறது, போய் எடுத்து வர முடியுமா என்று கேட்டேன். பஸ் கீழே தரிப்பிடத்தில் நின்றது. அவர் ஸ்கீச் சட்டங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுகளை ஆர் பாக்கிறது ஐயா?"

"நான் நிக்கிறன். ஓடிப்போட்டு வாரும்."

அவர் உண்மையிலேயே ஓடினார். சரிவில் வழுக்கி விழுந்து எழும்பி ஓடியதைப் பார்த்தேன். அவர் மறைந்ததும் என் மகளின் பலகையை எடுத்துக்கொண்டு வாடகைக் கடையின் பின்பக்கம் போனேன். அங்கே குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் யாரும் மிதிக்காத பனி முழங்காலுக்கு மேல் கிடந்தது. அதற்குள் இறங்கிப் பலகையைக் குத்தி நிறுத்தினேன். பின்னேரம் நானே "கண்டுபிடித்து"க் கொடுப்பதாக எண்ணம். அவர் மாத்திரையோடு மூச்சு வாங்க வந்தபோது நான் சட்டங்களுக்குப் பக்கத்தில் நின்றேன். மாத்திரையை என் கையில் வைத்தார். பிறகு இடைவெளியைக் கண்டார்.

"பலகை எங்கை ஐயா?"

"நீர்தானே காவல்," என்றேன்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் வெளியே வந்தார்கள். அந்தப் பலகை என் மகள் தன் முதல் வேலையில் சேர்ந்ததும் வாங்கியது. அவள் கத்தவில்லை. அவரைத்தான் பார்த்தாள். நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். குரலை உயர்த்தாமல், ஒரு அதிகாரி கேட்பது போலவே கேட்டேன்.

"நீர் இந்த இடத்தை விட்டுப் போனனீரோ?"

"ஐயாவுக்கு மருந்து..."

"போனனீரோ, இல்லையோ?"

"போனனான்."

"நான் தேத்தண்ணி கொண்டு வரேக்கை பலகை நிண்டதோ? கண்ணாலை கண்டனீரோ?"

அவர் யோசித்தார். யோசிக்க விட்டது நான்தான். யோசிப்பவன் பொய்யன் போலத் தெரிவான் என்பது எனக்குத் தெரியும்.

"கண்ட மாதிரி..."

"மாதிரி வேண்டாம். அதுக்கு முதலே குளிருக்கு உள்ளுக்கை போய் வந்தனீர், என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. கிழவன் ஒருவன், தான் கட்டப்போகிறவளின் தகப்பன். சுற்றிவர எங்கள் ஆட்கள். அவருடைய தோள் மெல்லத் தளர்ந்ததைக் கண்டேன். நூற்றுக்கணக்கான தடவை பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்த தளர்வு அது.

"ஓம்," என்றார்.

"கன நேரமோ?"

"ஓம்."

"அதை எங்களிட்டை மறைச்சனீர்."

"ஓம் ஐயா."

புடவைக்கடைக்காரர் பெருமூச்சு விட்டு, செருப்புக்காரனை நம்பினால் வெறுங்காலோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள். காவல் நின்றவர் பலகையைத் தேடி ஓடத் தொடங்கினார். தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு சறுக்கி வருகிறவர்களை எல்லாம் மறித்தார். அதே நிறப் பலகையோடு போன ஒருவனின் கையைப் பிடித்துவிட்டார். அவன் தள்ளியதில் பனியில் முகம் குப்புற விழுந்தார். என் மகள் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தச் சந்தடியில் நான் குப்பைத் தொட்டிகளின் பின்னால் போனேன். பனியில் பலகை நின்ற வெட்டு மட்டும் இருந்தது. பலகை இல்லை. உண்மையான கள்ளன் ஒருவன் வந்து போயிருந்தான். நான் பதறினேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி நான் எதையும் கண்டுபிடித்துக் கொடுக்கத் தேவையில்லை. இனி அது களவு.

திரும்பும்போது என் மகளும் அவரும் பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் இருந்தார்கள். கொஞ்சத் தூரம் போனதும் அவர் எழும்பி முன்னால் வந்து, சாரதிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஆசனத்தில் தனியாக இருந்தார். பாரிஸ் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய சப்பாத்தில் இருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அடுத்த கிழமை அவள் என்னிடம், முடிந்துவிட்டது அப்பா என்று மட்டும் சொன்னாள்.

பிறகு நான் பார்த்த இடத்தில் அவளுக்குக் கலியாணம் நடந்தது. ஊராலும் படிப்பாலும் எனக்குப் பொருத்தமான மாப்பிள்ளை. கெட்டவர் இல்லை. அவர்கள் பாரிஸுக்கு வெளியே பியர்ஃபித்தில் வீடு வாங்கினார்கள். அதன் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது. நினைத்த நேரம் போவேன், வருவேன். அந்தக் களவு மெல்ல மெல்ல வீட்டுப் பகிடியாக மாறியது. லா சப்பலில் சாமான் வாங்கப் போகும்போது எப்போதாவது அன்று காவல் நின்றவரைக் கண்டிருக்கிறேன். குசினி உடுப்போடு கடை வாசலில் நிற்பார். வணக்கம் ஐயா என்பார். நானும் வணக்கம் சொல்வேன்.

இந்தப் பெப்ரவரியில் மருமகன் பிள்ளைகளின் ஸ்கீக்கென்று புதுக் கம்பிப் பூட்டு வாங்கி வந்து மேசையில் வைத்தார். இனி ஆள் வைத்துக் காவல் செய்யத் தேவையில்லை என்று சொல்லி, அந்தத் துள்ளலைத் துள்ளிக் காட்டினார். என் மகள் உடுப்பு மடித்துக்கொண்டே சிரித்தாள். இத்தனை வருடம் அந்தச் சிரிப்பை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடிந்தது. அன்றைக்கு முடியவில்லை. பலகையை எடுத்தது நான், அவரை மருந்துக்கு அனுப்பியதும் நான், எல்லாவற்றையும் வேண்டுமென்றே செய்தேன் என்றேன். மருமகன் இதையும் பகிடி என்று நினைத்து வாய் திறந்து, அவளுடைய முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கோபம் வந்தால் அவள் பிரெஞ்சுக்கு மாறிவிடுவாள். அன்றைக்குத் தமிழிலேயே பேசினாள்.

"அவர் பஸ்ஸிலை எனக்குச் சொன்னவர், அப்பா. உங்கடை அப்பாவின்ரை காற்சட்டையிலை முழங்காலுக்கு மேலை பனி ஒட்டியிருந்தது, அவர் நிண்ட இடத்திலை அவ்வளவு பனி இல்லை எண்டு சொன்னவர்."

மேசையில் கிடந்த பூட்டை நான் ஒரு பக்கமாகத் தள்ளினேன்.

"செய்ததையும் செய்துபோட்டு, வருத்தக்காரக் கிழவனிலை பழியைப் போடாதேங்கோ எண்டனான். எழும்பி அங்காலை போங்கோ எண்டனான்." கையில் இருந்த பிள்ளையின் கம்பளிச் சட்டையை விரித்து மறுபடி மடித்தாள். "இவ்வளவு நாளும், ஒரு பொய்யனிட்டை இருந்து தப்பினன் எண்டு சந்தோசமா இருந்தனான். இதை ஏன் இப்ப எனக்குச் சொன்னீங்கள்?"

எனக்குப் பாரமாக இருந்ததால் என்பதுதான் உண்மையான பதில். அதற்குப் பதிலாக, அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

"வேண்டாம். நீங்கள் போகாதேங்கோ. அவரை என்ரை பக்கத்திலை இருந்து எழுப்பினது நான். நான் போறன்."

சனிக்கிழமை அவள் லா சப்பலுக்குத் தனியாகப் போனாள். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை, மருமகன்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் சாவி போட்டுத் திறந்துகொண்டு அவர்களுடைய வீட்டுக்குள் போனேன். அவள் குசினியில் நின்றாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவர் வாசலுக்கு வந்து கேட்டுக்கொண்டு நின்றாராம். அவள் சொல்லி முடித்ததும், அடுப்பில் சட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். அவள் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள். அவர் பிறகு வெளியே வரவில்லை.

எனக்குச் சாப்பாடு போட்டுத் தந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருக்கவில்லை. புறப்படும்போது வாசலுக்கு வந்து, என் முகத்தைப் பாராமல் சொன்னாள்:

"அப்பா, இனி வரேக்கை போன் எடுத்துப்போட்டு வாங்கோ."

இப்போது நான் போன் எடுக்கிறேன். நேற்றும் எடுத்தேன். வேலை இருக்கிறது என்றாள்.