படித்துப் பார்த்துத் தின்னும் சோளம்

அயோவாவில் எங்கள் வீட்டுக்கு மூன்று பக்கமும் மக்காச்சோளம். ஜூலை மாதம் சமையலறை ஜன்னலைத் திறந்தால் தோகைகள் உரசுகிற சத்தம் உள்ளே வரும். ஆனால் அவித்துத் தின்ன ஒரு கதிர் வேண்டுமென்றால் நான் காரை எடுத்துக்கொண்டு பக்கத்து நகரத்துக்கு ஒரு மணி நேரம் போக வேண்டும். அங்கேதான் மரபணு மாற்றாதது என்று எழுதி ஒட்டிய சோளம் கிடைக்கும். ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தோல் ஆலைக் கழிவு ஓடுகிற பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு கேன் தண்ணீர் வாங்குகிற வாணியம்பாடிக்காரர்கள் மட்டும் சிரிக்காமல் தலையாட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

கதிராக இருந்தால் அது சோளம் என்றாவது தெரியும். இந்த நாட்டில் சோளம் மாறுவேடத்தில் திரிகிறது. சிப்ஸிலும் சீரியலிலும் இருப்பது நியாயம். தக்காளி சாஸில் கார்ன் சிரப்பாக இருக்கிறது, சூப்பில் ஸ்டார்ச்சாக இருக்கிறது, மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று வாயில் நுழையாத பெயரோடு பிஸ்கட்டில் உட்கார்ந்திருக்கிறது. சில பாக்கெட்டுகளில் ‘பயோஎன்ஜினியர்ட்’, அதாவது மரபணு மாற்றியது, என்று எறும்பு ஊர்ந்ததுபோல் ஒரு வரி இருக்கும். அதைத் தேடி நான் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கடைக்குப் போனாயா, லைப்ரரிக்குப் போனாயா என்று என் கணவர் கேட்பார். ஒன்பது வயது மகள் கயல் எதையும் கேட்பதில்லை. தனக்குப் பிடித்த பாக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இதனால் ஒரு கெடுதலும் இல்லை என்று படித்தவர்கள் பலர் சொல்கிறார்கள். அவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. என் பிள்ளையின் வயிற்றுக்குள் போவது இன்னதென்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இந்த ஊரில் யார் எப்படிப்பட்டவர், எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று எனக்கு எதுவுமே பிடிபடவில்லை. பாக்கெட்டின் பின்பக்கம் மட்டும்தான் பிடிபடுகிறது. அதனால் அதை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

வந்த புதிதில் இந்தச் சோளக்காட்டின் சொந்தக்காரர் டேலிடம் ஒரு கதிர் ஒடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர், “இது மனுஷங்களுக்கு இல்லை” என்றார். எனக்குச் சுருக்கென்றது. கண்ணுக்கெட்டிய தூரம் சோளத்தை வைத்துக்கொண்டு ஒரு கதிருக்குக் கை வரவில்லையே, என்ன மனிதர் என்று வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன். அவர் சொன்னது நிஜம் என்று பிறகுதான் புரிந்தது. அது கல்லு மாதிரி முற்றுகிற சோளம். பாதி பன்றிக்குப் போகிறது, மீதியைக் காய்ச்சி எத்தனால் எடுத்துக் கார்களுக்கு ஊற்றுகிறார்கள். நான் பிறந்த மலையில் காட்டுப்பன்றி ராத்திரி திருட்டுத்தனமாக வந்து தின்னும். இங்கே அதற்கென்றே விதைத்து, அறுத்து, லாரியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

டேல் அதை மறக்கவில்லை. அடுத்த வாரமே தன் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த இனிப்புச் சோளத்தை ஒரு பை நிறையக் கொண்டுவந்து வாசலில் நின்றார். நான் நன்றி சொல்லிவிட்டு, இது மரபணு மாற்றியதா என்று கேட்டேன். தெரியவில்லை, விதைக் கடையில் வாங்கியது என்றார். அப்படியென்றால் வேண்டாம், நோ தேங்க்ஸ் என்றேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது. அவரோ “நோ ப்ராப்ளம்” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இந்த வருஷம் மழை எப்படி என்று பேச ஆரம்பித்துவிட்டார். அடுத்த நாளும் அதே சிரிப்போடு கையை ஆட்டினார். வீடு தேடி வந்த உணவை வேண்டாம் என்று சொல்வது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியப்பட்டேன். பிறகு அது எனக்கு நன்றாகவே பழகிப்போனது.

இனி நான் பொறாமைப்படும் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயர் அலமேலு. என் தம்பி வெங்கடேசனின் மனைவி, புதூர்நாட்டுப் பக்கத்துப் பெண். ஆலங்காயத்துக்கு மேலே மலையில் நான் பிறந்த வீட்டில் இப்போது அவள்தான் இருக்கிறாள். அப்பா அம்மா காலமான பிறகு, வா என்று என்னைக் கூப்பிட அந்த வீட்டில் இருக்கிற ஒரே வாய் அவளுடையது. தம்பி ஒரு வார்த்தை பேசவே காசு கேட்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிக்னல் கிடைக்கிற பாறை மேல் உட்கார்ந்து அலமேலுதான் வீடியோவில் கூப்பிடுவாள். பேசும்போதே எதையாவது மென்றுகொண்டிருப்பாள். பலாச்சுளை, அவித்த மொச்சை, களி உருண்டை. கையில் என்ன இருக்கிறது என்று அவளே பார்க்க மாட்டாள். அவளுடைய மகள் பவித்ரா திரைக்குக் குறுக்கே ஓடி வந்து வாயைத் திறப்பாள். பேச்சை நிறுத்தாமல் அலமேலு அந்த வாயில் ஒரு உருண்டையைத் தள்ளிவிடுவாள். அவ்வளவுதான் சாப்பாடு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். என் மகளுக்கு ஒரு வாய் ஊட்ட நான் எத்தனை வரி படிக்க வேண்டியிருக்கிறது!

ஏதோ அந்த மலைச் சாப்பாட்டுக்காக நான் ஏங்கி வளர்ந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன வயதில் சாமைச் சோறு என்றால் எனக்கு முகம் கோணும். ஆலங்காயம் பேக்கரி பன்தான் எங்களுக்குத் தேவாமிர்தம். சாமை விதைக்கிற கொல்லை ஓரத்தில் நாலு உழவுசால் மக்காச்சோளம் போடுவார்கள். அதில் நல்ல கதிராகப் பார்த்து மேல்தோலைப் பின்னி, அடுப்புப் புகை படும்படி மேலே தொங்கவிட்டு அடுத்த வருஷத்து விதைக்கு வைப்பார்கள். புகையும் கரியும் ஏறிக் கறுத்துப்போன அந்தக் கதிர்களைக் கண்டால் எனக்கு அருவருப்பு. அயோவாவுக்கு வந்த பிறகுதான் அவை என் பேச்சில் பெருமையாக மாறின. எங்கள் ஊர் விதை சுத்தமானது, எங்கள் வீட்டில் யாரும் கடையில் விதை வாங்க மாட்டார்கள் என்று இங்கே தமிழ்ச் சங்கத்துப் பெண்களிடம் நிறைய அளந்துவிட்டிருக்கிறேன்.

போன ஆகஸ்டில் கயலை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனேன். ஒரு மாதம் எதையும் படிக்காமல் பிள்ளைக்குச் சோறு போடலாம் என்பதுதான் என் திட்டம். ஜீப்பை விட்டு இறங்கியதுமே கயல் அலமேலுவோடு ஒட்டிக்கொண்டாள். அயோவாவில் தட்டில் பாதியை மிச்சம் வைக்கிற பெண், அத்தை பிசைந்து வைத்த களியைக் கேட்டு வாங்கித் தின்றாள். எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ராத்திரி அத்தை பக்கத்தில்தான் படுப்பேன் என்று அவள் பாயைத் தூக்கிக்கொண்டு போனபோது, நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கிணற்றடிக் கொல்லைக்குப் போனோம். நாலு சால் இல்லை, கொல்லை முழுக்க மக்காச்சோளம். கோழித் தீவனத்துக்கு வாங்கிக்கொள்கிறார்களாம். அலமேலு பால் பிடித்த கதிர்களாகப் பார்த்து ஒடித்து வந்து, புளியமரத்தடியில் கொஞ்சம் சுள்ளி போட்டுச் சுட்டாள். கயல் அவள் மடியில் உட்கார்ந்திருந்தாள். சூடு தாங்காமல் கதிரைக் கைமாற்றிக் கைமாற்றி ஊதி, உப்புத் தண்ணீர் தடவி, மணிகளை உதிர்த்து அவள் வாயில் போடப் போனாள் அலமேலு. அப்போதுதான் மரக்கிளையில் மாட்டியிருந்த பையைப் பார்த்தேன். பளபளப்பான பை. அடியில் ரோஸ் நிறத்தில் மருந்து தடவிய விதைகள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தன.

இது என்ன விதை என்று கேட்டேன்.

“கம்பெனி வெதை அண்ணி. ஆலங்காயத்துல கடைக்காரு குட்த்தாரு. நல்லா வர்து” என்றாள்.

மரபணு மாற்றியதா என்று கேட்டேன். “அப்டின்னா இன்னா?” என்று சிரித்தாள்.

நான் எழுந்து போய்க் கயலின் வாய்க்கும் அலமேலுவின் கைக்கும் நடுவில் என் கையை நீட்டினேன். வேண்டாம் அலமேலு, தேங்க்ஸ் என்றேன். டேலிடம் சொன்ன அதே குரல். அது என் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் எந்த ஊரில் நிற்கிறேன் என்று உறைத்தது. இங்கே யாரும் நோ ப்ராப்ளம் சொல்லி மழையைப் பற்றிப் பேசப்போவதில்லை. அலமேலு கையிலிருந்த மணிகளைப் பார்த்தாள். அவற்றைக் கீழே போடவுமில்லை, தின்னவுமில்லை. கயலை மெதுவாக மடியிலிருந்து இறக்கி என் பக்கம் தள்ளினாள். அந்த விதைப் பையைக் கண்டு பயந்து தடுத்தேனா, அந்த மடியைக் கண்டு தடுத்தேனா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. பயமும் இருந்தது. ஆனால் பையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என் உடம்பு எழுந்திருக்கத் தயாராக இருந்தது.

மறுநாளிலிருந்து எங்களுக்குத் தனிச் சமையல். சாமை எங்கே வாங்கியது, எண்ணெய் யார் ஆட்டியது என்று நான் கேட்காமலேயே சொன்னாள். பலாச்சுளையைத் தட்டில் வைத்து, “இத்த குடுக்கலாமா அண்ணி?” என்று கேட்டுவிட்டு நின்றாள். தேனுக்கும் கேட்டாள். மோருக்கும் கேட்டாள். நான் பிறந்த வீட்டில், நான் உருண்டு புரண்ட அடுப்படியில், ஒருத்தி என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றாள். கயல் இப்போது இரண்டு பேர் முகத்தையும் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

தம்பி ஆலங்காயம் போய்க் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்தான். நானும் பாறை மேல் ஏறி சிக்னல் பிடித்து போனில் தேடினேன். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. அது வெறும் ஹைப்ரிட். இரண்டு ரகத்தை ஒட்டுச் சேர்த்த விதை. மரபணு மாற்றிய மக்காச்சோளத்தைப் பயிரிட நம் நாட்டில் இன்னும் அனுமதியே கொடுக்கவில்லை. அந்த ரோஸ் நிறம் பூச்சி மருந்து, அது விதையோடு போயிற்று. நான் பாறையிலிருந்து இறங்கி நேரே அலமேலுவிடம் ஓடினேன். தப்பாகப் புரிந்துகொண்டேன், இதில் ஒன்றுமில்லை, கயல் தாராளமாகத் தின்னலாம், வா போய்ச் சுடலாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அவள் புளி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமல் பேசினாள்.

“வேணாம் அண்ணி. நாளிக்கு கொயந்தைக்கு ஒண்ணுன்னா நான்தான பதில் சொல்லணும்.”

ஒன்றும் ஆகாது என்றேன்.

“நீங்க படிச்சவங்க. அன்னிக்கு ஆவும்னீங்க, இன்னிக்கு ஆவாதுன்றீங்க.” புளியைத் தள்ளி வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். “எங்க பாப்பா ரெண்டு வருசமா அதத்தான் துன்னுது. நீங்க கைய நீட்டித் தடுத்தப்ப, இதுக்கு இன்னா ஆவும்னு உங்களுக்குத் தோணவே இல்லியே அண்ணி.”

பவித்ரா என்கிற குழந்தை அந்தப் புளியமரத்தடியில் கதிரைக் கடித்துக்கொண்டு என் கண்ணெதிரேதான் நின்றிருந்தாள். நான் என் பிள்ளையின் வாயை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மீதி நாட்கள் மரியாதையாகக் கழிந்தன. அலமேலு முகம் கொடுத்துப் பேசினாள், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள், எதிலும் குறை வைக்கவில்லை. விருந்தாளிக்கு யாராவது குறை வைப்பார்களா? கிளம்புகிற அன்று ஜீப் கிணற்றடிக் கொல்லைக்கு எதிரே நின்றது. ஆள் நிரம்பாமல் எங்கள் மலை ஜீப் நகராது. நானும் கயலும் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தோம். அலமேலு ஜன்னல் வழியாகக் கயல் மடியில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டை வைத்தாள். வழக்கமாக ஊரிலிருந்து கிளம்பும்போது புளியும் பலாக்கொட்டையும் துணியில் கட்டித் தருவாள். இந்தத் தடவை ஆலங்காயம் போய் வாங்கி வந்திருக்கிறாள்.

“எல்லாம் எழுதி இருக்குது அண்ணி. நீங்க படிச்சுப் பாத்துட்டு கொயந்தைக்குக் குடுங்க” என்றாள்.

அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. கடையிலேயே எதில் எழுத்து அதிகமோ அதைப் பொறுக்கி எடுத்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. திருப்பினேன். முதல் வார்த்தையே மக்காச்சோளம். அதற்குக் கீழே ஸ்டார்ச், மால்ட்டோடெக்ஸ்ட்ரின், அயோவாவில் நான் விரட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அலமேலு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்லதாக வாங்கியிருக்கிறாய் என்றேன். அவளுக்கு நிம்மதி. போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் திரும்பினாள்.

ஜீப்புக்கு இன்னும் ஆள் சேரவில்லை. பவித்ரா பசிக்கிறது என்று முந்தானையை இழுத்தாள். அலமேலு வரப்பில் நின்றபடியே ஒரு கதிரை ஒடித்து உரித்தாள். மகளிடம் கொடுக்கக் கையை நீட்டியவள், பாதியில் நிறுத்தினாள். கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். அதில் படிக்க ஒன்றுமில்லை. முதலில் தான் ஒரு வாய் கடித்து மென்று விழுங்கினாள். விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள். பிறகுதான் அதை மகள் கையில் கொடுத்தாள்.