தலையில்லாத் தூண்கள்

சின்னி ஜன்னலுக்குத் திரை போட்டது வெயிலுக்காக என்றுதான் அலுவலகத்தில் எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஜன்னலில் இருந்து பார்த்தால், பெரிய சாலை நெடுகத் தலையில்லாமல் நிற்கும் ரயில் தூண்கள் தெரியும். அவற்றில் ஒன்றிலிருந்துதான் அவள் அண்ணன் விழுந்தான்.

நகரத்தில் எந்தப் பேருந்து எங்கே ஓட வேண்டும், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று பார்க்கிற அலுவலகம் அது. அண்ணனுக்கோ மேம்பால ரயிலுக்குக் கம்பி கட்டும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் உச்சியில் இருந்தபடியே போன் செய்வான்.

"சின்னி, உன் ஜன்னல் தெரியுது. தூங்காம வேலையப் பாரு."

"நீ முதல்ல கீழ இறங்கிச் சாப்பிடு."

ஒரு நாள் சாரப் பலகை நழுவிவிட்டது. அண்ணி அப்போது மாசமாக இருந்தாள். அவளை யாரும் அந்த இடத்துக்குக் கூட்டிப்போகவில்லை. ஓடியது சின்னிதான்.

கொஞ்ச நாளில் ரயிலுக்குக் கடன் கொடுத்த வங்கி கையை விரித்தது. வேலை நின்றது. தூண்களின் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருவேறி, மழை பெய்தால் சிவப்பாக ஒழுகின. காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசி முனகும். அந்தச் சத்தம் கேட்டதும் சின்னியின் கை தானாகப் போனைத் தேடும்.

வருஷங்கள் கழித்துப் புதிதாக ஒரு கடன் கிடைத்தது. நின்றுபோன ரயிலை முடிக்கலாம். இல்லையென்றால் பேருந்துகள் வாங்கி, அவற்றுக்கென்று தனிப்பாதை போடலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யப் பணம் போதாது. எது என்று பரிந்துரை எழுதும் வேலை சின்னியின் தலையில் விழுந்தது.

"சார், இத நான் எழுத வேண்டாம். என் அண்ணன் விஷயம் உங்களுக்கே தெரியும்."

"தெரியும்மா. வேற ஆள் இருந்தா உன்னைக் கேப்பனா?" என்றார் இயக்குநர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ ரயில்னு எழுதினாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அந்த வார்த்தைதான் அவளை ஆட்டி வைத்தது. ரயில் பெரிய சாலையோடு நின்றுவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆலைகளுக்கு நடந்தே வருகிறவர்களுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தெரிந்தும், ரயிலில் ஏறுவோர் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தாள். ரயில் தோற்றது. இன்னும் கூட்டினாள். ஜெயித்தது. கணினித் திரையில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'யாருக்காக?' என்று பக்கத்தில் நின்று யாரோ கேட்டதுபோல் இருந்தது. கூட்டியதை எல்லாம் அழித்தாள்.

பேருந்து என்றே எழுதினாள். கூட்டத்தில் வாசிக்கும் முன்னால் அண்ணி வீட்டுக்குப் போய்த் தானே சொன்னாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது. "ரயில் ஓடினா, இது உங்கப்பா கட்டுனதுன்னு பொண்ணுகிட்ட காட்டலாம்னு இருந்தேன்."

"அண்ணி, நான் எவ்வளவோ பார்த்தேன்..."

"அவரை ரெண்டாவது தடவை நீ கீழ தள்ளிட்ட சின்னி. போயிட்டு வா."

அதன்பிறகு அண்ணி போனை எடுக்கவில்லை. பேருந்துகள் வந்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சனங்கள் அடித்துப் பிடித்து ஏறினார்கள். தூண்களை இடிக்கப் பணமில்லாததால், அவற்றின் ஓரமாகவே தனிப்பாதை ஓடியது. சின்னியும் தினமும் அதில்தான் போனாள், குனிந்த தலை நிமிராமல்.

ஒரு நாள் காலையில் பக்கத்து இருக்கையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அண்ணி! வேறு இடம் காலியில்லை. சில நிறுத்தங்கள் போனபின், முகத்தைத் திருப்பாமலே அண்ணி கேட்டாள்.

"எது?"

"என்ன அண்ணி?"

"எந்தத் தூணுன்னு இதுவரைக்கும் யாரும் எனக்குச் சொல்லல. வேலைக்குப் போக இந்த பஸ்ஸ விட்டா வேற வழி இல்ல. தினமும் எல்லாத் தூணையும் பார்த்துக்கிட்டே போறேன்."

"மருந்துக்கடைக்கு எதிர்ல இருக்கு. இப்ப வரும்."

வந்தது. சின்னியும் அன்றைக்குத் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அண்ணி கழுத்தை வளைத்து, அது பின்னால் மறையும்வரை பார்த்தாள்.

"இவ்ளோ உயரமா..." என்றாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. அத்தை எங்கன்னு பொண்ணு உயிர வாங்குறா."

சின்னி போனாள். அடுத்த வாரமும் போனாள். ரயிலைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. பேருந்தில் சேர்ந்து போகும் நாட்களில் பள்ளிக்கூடம், விலைவாசி என்று ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். மருந்துக்கடை வந்தால் பேச்சு அறுந்துவிடும். மேலே கம்பிகள் முனகுவது கேட்கும். தாண்டியபிறகு, விட்ட இடம் எது என்று இருவருக்குமே ஞாபகம் இருக்காது.