சிக்னல் இல்லாத வீடு

எங்கள் அடுக்குமாடி வீட்டில் தொலைக்காட்சி ஏன் ஒழுங்காகத் தெரியவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மழை என்றார் கீழ்வீட்டுக்காரர். வெயில் கொளுத்துகிற மத்தியானத்திலும் தெரியவில்லையே என்றேன். அப்படியானால் வெயில்தான் என்றார். நிர்வாக அலுவலகத்தில் கேட்டால் அது அவர்கள் வேலை இல்லையாம். கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் ஆட்டிவைக்கும். கடைசியில் மனுஷக் குரல் ஒன்று வந்து, பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்லும். அணைத்து அணைத்துப் போட்டதில் சுவிட்சு தளர்ந்துபோனதுதான் மிச்சம்.

ஒரேயடியாகத் தெரியாமல் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஆனால் காற்றடித்தால் படம் வரும், கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து திரை கறுத்துவிடும். எரிச்சலாக வரும் எனக்கு.

மாமியார் எங்களோடு இருந்தார். செலண்டார் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர். நாங்கள் மலாக்கா டவுனில் இந்த வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், சுங்கை ஊடாங்கிற்கு வேலைக்குப் போகிற வழியில் என் கணவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். சேதி கேட்டதும் அத்தை ஒரு நீர்ப்பூசணியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். புதுவீட்டின்மேல் கண் பட்டுவிட்டதாம். காய்க்குக் கண்ணும் மீசையும் வரைந்து குங்குமம் பூசி, பால்கனிக் கம்பிக்கு வெளியே, எதிர் புளோக்குக்காரர்கள் நிமிர்ந்தால் முதலில் அதன்மேல் பார்வை விழுகிற மாதிரி இடம் பார்த்துத் தொங்கவிட்டார். காய் அழுகினால் மாற்றுவார். ஊருக்குத் திரும்புகிற பேச்சே எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, பெம்பானில் இருக்கும் என் நாத்தனாரின் மகள் தமிழ் அலைவரிசை ஒன்றின் நடனப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நேரடி ஒளிபரப்பு. அத்தைக்கு இருப்பது அந்த ஒரே பேத்தி. கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். அதில் பிள்ளை எறும்பாட்டம் தெரிவாள், பெரிதாகத்தான் பார்க்கணும் என்றுவிட்டார் அத்தை. ஞாயிறுக்குள் எப்படியாவது சரிபண்ணிவிடு என்று என் உயிரை எடுத்தார்.

சாட்டிலைட் தட்டு பழுதுபார்க்கிற மலாய்க்காரர் வந்தார். அது பால்கனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவர் எட்டி வேலை செய்ய இடம் வேண்டுமே என்று, காயப்போட்ட துணி, திருஷ்டிப் பூசணி எல்லாவற்றையும் எடுத்து வாஷிங் மெஷின்மேல் வைத்தேன். படம் பளிச்சென்று வந்தது. "பாகுஸ் லா, காக்" என்றார். அருமையாக இருக்கிறதாம். அத்தை கோயிலிலிருந்து வருவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி மாட்டினேன். மலாய்க்காரர் லிஃப்டில் இறங்கியிருக்கக்கூட மாட்டார், படம் போய்விட்டது. அவரைத் திரும்ப வரவழைத்தேன். துணியையும் பூசணியையும் திரும்ப எடுத்துவைத்தேன். திரும்பவும் படம் பளிச்சென்று வந்தது. அந்த மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

ஞாயிறு வந்தது. போட்டியின் ஆரம்ப இசை கேட்டது, திரை கறுத்தது. தட்டை ஒரு குத்து விடுவது என்று பால்கனிக்கு ஓடிக் கம்பி வழியாகக் கையை நீட்டினேன். பூசணி குறுக்கே இடித்தது. ஆத்திரத்தில் அதை ஒரு பக்கமாகத் தள்ளினேன். உள்ளேயிருந்து என் கணவர், வந்துவிட்டது என்றார். கையை எடுத்தேன். போய்விட்டது என்றார். மறுபடி தள்ளினேன். வந்துவிட்டது என்றார்.

இத்தனை நாளும் தட்டுக்கும் அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புக்கும் நடுவே மீசை வைத்த ஒரு காய் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் ஊரையெல்லாம் திட்டியிருக்கிறேன்.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போதைக்குக் கழற்றிவிடலாம், நாளைக்கு வேறு இடத்தில் கொக்கி அடித்து மாட்டிக்கொள்ளலாம் என்றேன். நியாயமாகத்தான் சொன்னேன், குரல்தான் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாடே இன்னிக்கு அவளப் பாக்குது. அத்தன கண்ணும் இன்னிக்குத்தான் விழும். இன்னிக்குப் போயி எறக்கச் சொல்றியே."

எனக்கு இதிலெல்லாம் பாதி நம்பிக்கைதான். அத்தை கம்பி வழியாக இரண்டு கையையும் விட்டு, பூசணியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் பிடிக்கிறேன் என்றேன். வலித்தால் விட்டுவிடுவாய் என்றார். என் கணவர் எழுந்து வந்தார். கை முறிந்தவன் உட்கார் என்று விரட்டினார்.

"நீ போய் நல்லா பாத்துச் சொல்லு" என்றார் என்னிடம்.

நான் பால்கனி வாசலில் நின்றேன். ஒரு கண் திரையில், ஒரு கண் அத்தையின் முதுகில். படம் அன்றுபோல் என்றைக்கும் தெளிவாக இருந்ததில்லை. பிள்ளை சிவப்பு உடுப்பில் வந்தாள். கால் சலங்கையின் மணிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. வந்துவிட்டாள், சுற்றுகிறாள், உட்கார்ந்து எழுகிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சிரிக்கிறாளா என்று கேட்டார். சிரிக்கிறாள் என்றேன். அத்தையின் முழங்கை கம்பியில் அழுந்திக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கழுத்தைத் திருப்பினால் பார்த்துவிடலாம். அந்த மனுஷி எதிர் புளோக்கையே முறைத்துக்கொண்டு நின்றார்.

ஆட்டம் முடிந்தது. இனிமேல் வந்து பாருங்கள், மார்க் சொல்லப் போகிறார்கள் என்றேன்.

"மேடைய விட்டு எறங்கிட்டாளா?"

"இன்னும் இல்ல அத்தை. எல்லாரும் கை தட்டுறாங்க."

அப்படியே நின்றார். பிள்ளை வணங்கிவிட்டு மேடைத் திரைக்குப் பின்னால் போனாள். போய்விட்டாள் என்று சொன்ன பிறகுதான் கைகளை விட்டார். தொலைக்காட்சி கறுத்தது.

உள்ளே வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கையில் கம்பி பதிந்த தடம் சிவந்திருந்தது. எதிரே கறுத்த திரை. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"இப்ப மொதல்லேருந்து சொல்லு."