குழாயடியில் மார்த்தா

ஞாயிற்றுக்கிழமை வாஷிங் மெஷின் போட்டதற்காகக் கீழ்வீட்டுக்காரி இன்று என் கதவைத் தட்டித் திட்டினாள். ஜெர்மனியில் ஞாயிறன்று சத்தம் கூடாதாம். அவள் கத்தக் கத்த எனக்குத் திருவண்ணாமலையில் எங்கள் தெருக் குழாய் ஞாபகம் வந்தது.

அப்போது எங்கள் மாடியில் மார்த்தா என்ற வெள்ளைக்காரி குடியிருந்தாள். அவள் குடத்தோடு வந்தால் வரிசையே விலகும். "நீங்க மொதல்ல புடிங்கம்மா" என்பார்கள். அவளுக்கு அழுகை வரும். "நான் எப்பவும் கெஸ்ட்டா?" என்று என் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

ஒருநாள் அம்மாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அன்றும் மார்த்தாவுக்கு வழி விட்டார்கள். அம்மா கத்தினாள்:

"ஏ மார்த்தா, மூணு வருசமா இங்கதான கீற? உனுக்கு மட்டும் என்னா தனி வரிசை? பின்னால போ."

மார்த்தா முகமெல்லாம் பல்லாகக் கடைசியில் போய்க் குடத்தை வைத்தாள். சாயங்காலம் யாரும் கூப்பிடாமலே எங்கள் அடுப்படிக்கு வந்து களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டாள். அடுத்த வாரம், "என் கொடத்த எவ நகத்துனது?" என்று அவள் போட்ட சத்தம் மூன்றாவது தெருவுக்குக் கேட்டது.

இங்கே எட்டு மாதமாக எல்லோரும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்கு எரியும். இன்றுதான் ஒருத்தி என் பேரைச் சொல்லித் திட்டினாள். அரைகுறை ஜெர்மனில் நானும் விடாமல் பதில் கொடுத்தேன். கடைசியில் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"காபி இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே அவள் உள்ளே வந்தாள்.